அப்பாவோட தாஃப்டுக்குக் கதவு ரப்பர்
போன வாரம் பினாங்கு பிறையில இருக்கிற பட்டறையிலிருந்து ரப்பர் வந்துடுச்சு! வண்டி டைஹாட்சு தாஃப்ட் ஜீப், 1984-ல உற்பத்தி நின்ன முதல் தலைமுறை. அச்சு செஞ்சு புதுசா வார்க்கிறதைத் தவிர வேற வழி தெரியல.

முதல் தடவை பழைய ரப்பரையே மாதிரியா கொடுத்தேன். நீளமும் பத்தல, கதவும் சாத்தல. 40 வருஷத்துல அது சுருங்கி, கல்லா இறுகிப்போயிருந்தது. அந்த இறுக்கத்தையும் சேர்த்தே நகல் எடுத்துட்டோம். இந்தத் தடவை இடுக்குல களிமண் வச்சுக் கதவைச் சாத்தி, நசுங்கின கனத்தை அளந்தோம். வார்த்த ரப்பர் ஆறினா சுருங்கும், அதனால அச்சு கொஞ்சம் பெருசு.

ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் சீவின அப்பாவுக்கு, இயற்கை ரப்பர் வேண்டாம்னதுல வருத்தம். காத்துல இருக்கிற ஓசோன் பட்டா அது விரிசல் விடும்ப்பா, ஈபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர்தான் வெயில் மழை தாங்கும்னேன்.

நேத்து கொட்டுற மழையில பட்டர்வொர்த் வரைக்கும் போனோம். அப்பா கதவோரம் தடவிப் பார்த்தார். காஞ்சிருந்தது.