மூன்றாம் சுற்றிலும் தோல்வி: ஐந்து கிளாஸ், ஒரு மருந்து சிரிஞ்சு

நேற்று ராத்திரி மறுபடியும் தோற்றேன். ஐந்து கிளாஸ் சிங்கிள் மால்ட் (மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டும் கொண்டு ஒரே ஆலையில் வடித்த விஸ்கி), லேபிள் தெரியாது, எது அமெரிக்கா எது ஸ்காட்லாந்து என்று மூக்கால் சொல்ல வேண்டும். மூன்று சரி. அமெரிக்க வெஸ்ட்லேண்டையும் ஸ்காட்லாந்தின் புன்னஹாவன் 12-ஐயும் (12 என்பது வயது) இந்த முறையும் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மற்ற மூன்று: ஸ்காட்லாந்தின் கிளென்லிவெட் 12, டென்வரின் ஸ்ட்ரானஹான்ஸ், டெக்சஸ் வேக்கோவின் பால்கோன்ஸ். வெஸ்ட்லேண்ட் இங்கே சியாட்டிலிலேயே வடிப்பது. உள்ளூர்ச் சரக்கையே அடையாளம் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல்.

முதல் இரண்டு சுற்றும் செல்லாது. பாட்டிலில் இருந்தபடியே ஊற்றியிருந்தேன். கிளென்லிவெட்டில் ஆல்கஹால் 40 சதவீதம், பால்கோன்ஸில் 53. நாக்கு எரிந்தால் அமெரிக்கா, எரியாவிட்டால் ஸ்காட்ச். இதற்கு மூக்கே தேவையில்லை!

அதனால் இந்த முறை எல்லாவற்றையும் 40-க்கு இறக்கினேன். 20 மில்லி பால்கோன்ஸுக்கு 6.5 மில்லி தண்ணீர். ஸ்ட்ரானஹான்ஸ் 47, அதற்கு 3.5. வெஸ்ட்லேண்ட் 46, அதற்கு 3. புன்னஹாவன் 46.3, அதற்கு மூன்றுக்கு ஒரு பொட்டு மேலே. கேட்க எளிது. செய்யும்போதுதான் வதை. அளக்க எடுத்தது குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் சிரிஞ்சு. எத்தனை தடவை கழுவினாலும் ஸ்ட்ராபெரி வாசனை போகவில்லை; கிளென்லிவெட் தவிர நான்கிலும் ஸ்ட்ராபெரி! புதிது வாங்கினேன். அடுத்து தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின், ஃபிரிட்ஜ் தண்ணீரில் வாசனையே எழவில்லை. அதைவிடக் கொடுமை, குளிர்வடிகட்டாத (கலங்க வைக்கும் கொழுப்பைக் குளிர்வித்து வடிகட்டி நீக்காத) விஸ்கிகளைக் குளிர்ந்த தண்ணீரில் 40-க்கு இறக்கினால் லேசாகக் கலங்குகின்றன. கலங்கலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கடைசியில் அறை வெப்பத்தில் பாட்டில் தண்ணீர், கிளாஸ் மேல் ஒரு தட்டு, பத்து நிமிடம் காத்திருப்பு, விளக்கு அணைப்பு. ஊற்றி வைத்த நண்பன் இருட்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பலன் இருந்தது. நெருப்பாக இருந்த பால்கோன்ஸில் வெந்த வாழைப்பழமும் வெல்லப்பாகும் வந்தன. ஸ்ட்ரானஹான்ஸ் மூன்று சுற்றிலும் மாட்டிக்கொண்டது. உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் தூங்கியது, வெனிலாவை மறைக்க முடியாது. பர்பனுக்கு, அதாவது சோளம் அதிகம் சேரும் அமெரிக்க விஸ்கிக்கு, சட்டப்படி புதுப் பீப்பாய்தான். அது காலி செய்ததைத்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள். 2025 ஜனவரி 19 முதல் அமலில் இருக்கும் அமெரிக்க சிங்கிள் மால்ட் விதியோ பழசு, புதுசு, கரித்தது, கரிக்காதது எதையும் அனுமதிக்கிறது, 700 லிட்டரைத் தாண்டாத ஓக் என்றால் சரி. ஸ்காட்ச் குறைந்தது மூன்று வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. அதனால் "அமெரிக்கச் சுவை" என்று ஒன்றைத் தேடுவதே வீண் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

வெஸ்ட்லேண்டில் நான் வழுக்குவதற்குக் காரணம் ஊகிக்க முடிகிறது. அவர்கள் சாக்லேட் மால்ட் (கருக வறுத்த மால்ட், சாக்லேட் சேர்ப்பதில்லை) உட்பட ஐந்து வகை மால்ட்டைக் கலக்கிறார்கள். அந்தக் கோகோ, வறுத்த கொட்டை வாசனை தானியத்திலிருந்து வருவது. புன்னஹாவனில் ஏறக்குறைய அதையே ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் பீப்பாய் கொடுத்துவிடுகிறது. வரும் வழி வேறு, என் மூக்குக்கு இரண்டும் ஒன்று.

இதற்குள் அடுத்த செலவு கண்ணில் படுகிறது: ஆரிகன் ஓக்கில் வைத்த வெஸ்ட்லேண்ட் கேரியானா. அப்புறம் அரிசோனா டூசானின் டெல் பாக் டொராடோ, மெஸ்கீட் என்ற பாலைவன மரத்தின் விறகுப் புகையில் உலர்த்திய மால்ட். புகை வாசனைக்குப் பேர்போன ஸ்காட்ச்சான லகாவுலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த வாஷிங்டன் மாநிலத்தில் அலமாரி விலையை நம்பி வாங்கப் போகாதீர்கள். அதற்கு மேல் மதுவரி 20.5 சதவீதம், அது போக லிட்டருக்கு 3.77 டாலர். நான் போகும் கடையில் இவற்றை இன்னும் பர்பன் வரிசையில்தான் சொருகி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "எல்லாம் அமெரிக்க விஸ்கிதானே."

வெஸ்ட்லேண்டில் மீதி அறுபது மில்லி. அதாவது இன்னும் மூன்று சுற்று. அடுத்த முறை சொல்லாமல் இரண்டு கிளாஸிலும் ஒன்றையே ஊற்றப் போவதாக நண்பன் மிரட்டியிருக்கிறான்.