கார்ட்டூன் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்வது

விடுமுறைக்குக் காரைக்குடி சென்றிருந்தபோது, அண்ணன் மகள் வகுப்பில் பேசுவதற்காக எழுதிவைத்திருந்த ஆங்கிலப் பத்தியை, வீட்டின் உள்முற்றமான வளவில் அமர்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். "ஐ ஆம் லைக்கிங் கார்ட்டூன்" என்று தொடங்கி, "ஐ என்ஜாய் டு வாட்ச் கார்ட்டூன்" என்று அது தொடர்ந்தது.

இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல, தமிழிலிருந்து வந்தவை. நாம் "கார்ட்டூன் பிடிக்கும்" என்று ஒருமையில் சொல்லியே அனைத்தையும் குறித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குக் "கார்ட்டூன்ஸ்" என்ற பன்மை வேண்டும். "பார்க்கப் பிடிக்கும்" என்பதிலுள்ள "பார்க்க" என்ற எச்சத்தை அப்படியே கொண்டுபோனால் "டு வாட்ச்" வந்துவிடுகிறது. "லைக்", "லவ்" ஆகிய சொற்களுக்குப் பின் அது பொருந்தும் என்றாலும், "என்ஜாய்" என்ற வினை "வாட்சிங்" என்ற வடிவத்தையே ஏற்கும் என்பதால், "ஐ என்ஜாய் வாட்சிங் கார்ட்டூன்ஸ்" என்பதே சரி. "வாட்சிங்" சேர்த்துவிட்டால், செய்தித்தாளில் வரும் கருத்துப்படத்தைச் சொல்கிறோமோ என்ற ஐயமும் எழாது. நிலையான விருப்பத்துக்கு "லைக்கிங்" வேண்டாம், "ஐ லைக்" போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது "ஐம் ரியலி இன்டு கார்ட்டூன்ஸ்" என்னும் வாக்கியம். "இன்டு" என்பது உள்ளே செல்வதைக் குறிக்கும் சொல். "அதிலேயே மூழ்கிக் கிடக்கிறாள்" என்று நாம் சொல்வதற்கு அது பக்கத்தில் வருகிறது, ஆனால் அதிலுள்ள கண்டிப்பு இதில் இல்லை. தோழிகளிடம் பேச இதைவிட இயல்பானது வேறில்லை என்றே நினைக்கிறேன். குறிப்பிட்ட ஒரு தொடரைச் சொல்லும்போது "ஐம் அ பிக் ஃபேன் ஆஃப்" என்று தொடங்கி அதன் பெயரைச் சேர்க்கலாம். என்னைப் போன்று வயது வந்தவர்களுக்கு "ஐ க்ரூ அப் வாட்சிங் கார்ட்டூன்ஸ்" பொருந்தும். பார்த்தே வளர்ந்தோம் என்ற உரிமை அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள், கூடமான பட்டாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த அப்பத்தாவைக் காட்டி, "அயித்தை, அப்பத்தாவுக்கு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி எங்கள் அப்பத்தாவைவிட மூத்தது. பேச்சே அதிகமில்லாத அந்தப் படத்துக்கு அவருக்கு எந்த மொழியும் தேவைப்பட்டதில்லை. "ஷி லவ்ஸ் வாட்சிங் டாம் அண்ட் ஜெர்ரி" என்றேன். "லவ்ஸ்" என்பதன் இறுதி எழுத்தை இருமுறை அழுத்திச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவளும் அப்பத்தாவின் பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டாள்.