பந்தே தெரியலை சார்

பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும், எதிரணிக்காரி பந்தை மறைத்துவிட்டாள் என்று முறையிட வந்த பிள்ளையிடம், “உன் காலை யாரும் தடுக்கலையே ஆத்தா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் காரைக்குடியிலிருந்து வீடு வந்து சேரும்வரை அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பாக்கி, ஒரு அவுட். மூன்றாம் தளத்தில் அவள். இடது பக்கம் பந்து உயரே போனது. கேட்ச் ஆன பிறகுதான் கிளம்பலாம் என்பதால் நடுவரான நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் அப்பிய ஷூ தளத்தின் ஓரத்தை அழுத்தியபடி இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு ஜோடி ஷூ வந்து நின்றது. ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் எதிரணிக்காரி. தளத்தில் நின்றவள் எட்டிப் பார்த்து, தாமதமாகக் கிளம்பி, ரன்னுக்காக ஓடிச் சேர வேண்டிய ஹோம் தளத்தில் அவுட். ஆட்டம் முடிந்தது.

“பந்தே தெரியலை சார். அவ தொப்பியத்தான் பாத்தேன்” என்றாள்.

கையில் பந்து இல்லாமல், பந்தைப் பிடிக்கவும் முனையாமல், ஓடுபவரின் ஓட்டத்தைத் தடுப்பதுதான் அப்ஸ்ட்ரக்‌ஷன். விதிப்புத்தகத்தின் அந்த வரியில் பார்வை பற்றிப் பேச்சே இல்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஷார்ட்ஸ்டாப் அங்கே வந்ததும் தப்பில்லை. மூன்றாம் தளக்காரி, தூரத்திலிருந்து வரும் பந்தை இடையில் வாங்கி எறியும் ரிலேக்குப் போய்விட்டால் தளத்தைக் காப்பது இவள் வேலை.

ஆனால் 2004 ஆகஸ்டில், அமெரிக்காவில் டாம்பா பே - சியாட்டில் அணிகளின் ஆட்டத்தில், 10-வது இன்னிங்ஸில், மூன்றாம் தளத்தில் நின்ற கார்ல் கிராஃபோர்டின் பார்வையை ஷார்ட்ஸ்டாப் ஹோசே லோபஸ் மறைத்தார் என்று நடுவர் பால் எம்மல் அப்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்தார். கிராஃபோர்டுக்கு ஹோம், அந்த ரன்னிலேயே வெற்றி. இது எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தது.

ஓடும் வழியை மறித்தால் நோக்கம் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2013-இன் மூன்றாம் ஆட்டத்தில் வில் மிடில்புரூக்ஸ் பந்துக்குப் பாய்ந்து கீழே கிடந்தார், அவ்வளவுதான். அவர்மேல் தடுக்கி விழுந்த ஆலன் கிரெய்குக்கு ஹோம் கிடைத்தது. பார்வையை மறைப்பது அப்படி இல்லை. வேண்டுமென்றே நின்றாளா என்று பார்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மனசுக்குள் இருப்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு ரன்னைத் தூக்கிக் கொடுப்பதும் எதிரணிக்கு அநியாயம்தானே?

சரி என்று மனசை ஆற்றிக்கொள்வேன். அப்புறம் அந்த ஷூ ஞாபகம் வந்துவிடும். பந்து இடது பக்கம் வானத்தில் இருந்தது. ஷார்ட்ஸ்டாப்பின் ஷூ முனை இரண்டும் தளத்தில் நின்றவளை நோக்கி இருந்தன.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவர்கள் வேன் கிளம்பும்வரை மைதானத்தில்தான் இருந்தேன்.