வாரம் 6 பவுண்டு என்றார்கள், கைக்கு வந்தது 1.20

2020 மார்ச்சில் எங்கள் லண்டன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈஸ்ட் ஹாமில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். கோடையில் ஒன்றும் தெரியவில்லை. அக்டோபர் பிறந்ததும் பகல் முழுக்க ஹீட்டர் ஓடியது. எரிவாயு பில்லைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வாரம் 6 பவுண்டு உண்டாம். 52 வாரத்துக்கு 312. நல்ல நாற்காலி ஒன்று வாங்கிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன்.

பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியின் இணையப் பக்கத்தை நிதானமாகப் படித்ததும் நாற்காலிக் கனவு கலைந்தது. அந்த 312 பவுண்டை அப்படியே தரவில்லை; சம்பளத்தில் அந்தத் தொகைக்கு வரி போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். நான் 20 சதவீத வரிக்காரி. ஆக வாரம் 1.20, ஆண்டுக்கு 62.40. 40 சதவீதம் கட்டுபவருக்கு 124.80. அதிகம் சம்பாதிப்பவருக்குத்தான் அதிகம் மிச்சம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சரி, வருவதை விடுவானேன் என்று உட்கார்ந்தேன். நேரம் பிடித்தது அரசு இணையச் சேவைகளுக்குள் நுழைவதற்கான கவர்ன்மென்ட் கேட்வே கணக்கு திறக்கத்தான்; அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை. சம்பளச் சீட்டும், ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் சம்பள, வரிக் கணக்குச் சீட்டான பி60-ம் கைகொடுத்தன. அதைத் தாண்டியபின் கேள்விகள் நாலைந்துதான். எந்தத் தேதியிலிருந்து வீட்டில் வேலை? இந்தச் செலவை நிறுவனம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதா? கொடுத்திருந்தால் கோர முடியாது. 6 பவுண்டு கணக்கில் போனால் அப்போது ரசீது கேட்கவில்லை. அதற்கு மேல் செலவானது என்றால் பில்லோடு நிரூபிக்க வேண்டும். வாடகை, கவுன்சில் வரி, முன்பே இருந்த பிராட்பேண்ட் எதுவும் சேராது. அந்தத் தலைவலி வேண்டாம் என்று 6-லேயே நின்றுகொண்டேன்.

காசோலை வரும் என்று காத்திருந்தால் வந்தது வரிக் குறியீடு, அதாவது சம்பளத்தில் எவ்வளவுக்கு வரி இல்லை என்று நிறுவனத்துக்குச் சொல்லும் எண், மாறிய கடிதம். 1250எல் என்றிருந்தது 1281எல் ஆகியிருந்தது. டிசம்பர் சம்பளத்தில் அதுவரையான பாக்கி ஏறக்குறைய 47 பவுண்டு மொத்தமாக ஏறியது. அப்புறம் மாதம் 5.20. சம்பளச் சீட்டை உற்றுப் பார்க்காவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன்.

கூட வேலை பார்த்த அண்ணா ஒருவர், இதற்கெல்லாம் நேரமில்லை என்று இணைய விளம்பரத்தில் பார்த்த ஏஜென்ட் ஒருவரிடம் விட்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதில், திரும்பி வந்த பணம் நேராக அந்த ஏஜென்ட்டிடம் போய், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொண்டு மிச்சம்தான் இவருக்கு வந்தது. பத்து நிமிட வேலை, அண்ணா!

அடுத்த ஆண்டு புதிதாகக் கோர வேண்டியிருந்தது. அதற்கும் கிடைத்தது. கொரோனாவை முன்னிட்டு அந்த இரண்டு வரி ஆண்டுகளிலும், ஒரே ஒரு நாள் வீட்டில் வேலை பார்க்க நேர்ந்திருந்தாலும் முழு ஆண்டுக்கும் கொடுத்தார்கள்.

2022 ஏப்ரலில் அந்தத் தாராளம் முடிந்தது. அதற்குள் எங்கள் அலுவலகம் திறந்து, வாரத்தில் மூன்று நாள் விருப்பப்பட்டால் வீட்டில் இருக்கலாம் என்றார்கள். அந்த ‘விருப்பப்பட்டால்’தான் காலை வாரியது. வீட்டில் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டுமே சலுகை. ஒப்பந்தம் அனுமதிக்கிறது என்பது போதாது. நான் கோரவில்லை.

2026 ஏப்ரல் 6 முதல் இந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய ஆண்டுகளுக்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. 2022-23-இல் அருகே அலுவலகமே இல்லாமல் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் 2027 ஏப்ரல் 5-க்குள் கேட்கலாம். வீட்டிலிருந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.