சங்கு ஊதாத ஷிஃப்ட்

எங்க வீட்ல மூணு தலைமுறையா ஷிஃப்ட் வேலைதான். தாத்தா பெரம்பூர் பின்னி மில்லு, அப்பா மணலி பக்கம் ஒரு பேக்டரி, நான் ஓஎம்ஆர்ல, அதான் ஐடி கம்பெனிங்க இருக்கற பழைய மகாபலிபுரம் ரோட்ல, சாஃப்ட்வேர் டெவலப்பர். "எம் பொண்ணு ஐடில கீறா, ஏசி ரூம்ல ஒக்காந்து பாக்கற வேலை"ன்னு அம்மா தெருவுல சொல்றப்ப நான் ஒண்ணும் சொல்றதில்ல, பெருமைப்படட்டும்னு விட்டுடுவேன். ஆனா ஷிஃப்ட்டுன்னா ஒரு முடிவு இருக்கணும் இல்லையா, அது தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்குத்தான் இல்ல.

தாத்தா காலத்துல சங்கு ஊதுனா மெஷினை விட்டுட்டு வெளிய வந்துடலாம். அதுவும் சும்மா கெடச்சதில்ல. 1918 ஏப்ரல்ல இந்த மில்லு ஆளுங்களை வச்சுத்தான் சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, வாடியா தலைவரு, திரு.வி.க. துணைத் தலைவரு, இந்தியாவுலயே முறையா அமைஞ்ச மொதல் தொழிற்சங்கம்னு அதைத்தான் சொல்றாங்க. அப்ப அவங்க வச்ச குறைகள்ல மத்தியானம் சாப்பிடற நேரம் பத்தலங்கறதும் ஒண்ணு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாங்க மைக்கை மியூட்ல போட்டுட்டு ஸ்க்ரீனைப் பாத்துகிட்டே சாப்பிடறோம். எங்களை யாரும் சாப்பிடாதேன்னு சொல்லல, வேலை பண்ணிகிட்டே சாப்பிடுன்னும் சொல்லல, யாரும் ஒண்ணுமே சொல்லாததால யார்கிட்ட போய் கேக்கறதுன்னும் தெரியல.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. அவரு காலத்துல 1948 தொழிற்சாலைகள் சட்டம் இருந்துச்சு, நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல போனா ஓடி, அதாவது ஓவர்டைம், டபுள் சம்பளம். 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற மசோதாவை சட்டசபையில நிறைவேத்துனப்ப அப்பா டிவி முன்னாடி கத்துன கத்து பக்கத்து வீட்டுக்கே கேட்டுச்சு, சங்கங்கள்லாம் எதிர்த்து மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சப்புறம்தான் மனுஷன் ஓஞ்சாரு. "இதுக்கே இப்டி கத்துறியேப்பா, நான் பாதி நாள் அதைத்தான் பண்ணிகிட்டிருக்கேன்"னு சொன்னேன். "ஓடி குடுக்கறானா?" "இல்லப்பா." "அப்பறம் எதுக்கும்மா பண்ற?" ஃப்ளெக்ஸிபிள் டைமிங்னு என்னமோ சொல்லி சமாளிச்சேன், அவரு நம்பல, எனக்கே நம்பிக்கையில்ல.

போக்குவரத்தைப் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், வடசென்னையிலேந்து ஓஎம்ஆர் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பெரம்பூர்ல ட்ரெயின், சென்ட்ரல்ல இறங்கி பார்க் டவுன்ல பறக்கும் ரயில், திருவான்மியூர்ல இறங்கி ஷேர் ஆட்டோ. மாதவரத்துலேந்து சிறுசேரி வரைக்கும் மெட்ரோ தோண்டறாங்க, 45 கிலோமீட்டர் சொச்சம், பெரம்பூர் வழியா நேரா எங்க ஆபீஸ் பக்கம் போற லைன்னு. அது ஓட ஆரம்பிக்கறப்ப நான் இதே கம்பெனியில இருப்பேனான்னு தெரியல, இப்போதைக்கு தடுப்பு வச்ச ரோட்டைச் சுத்திப் போறதுதான் அந்த மெட்ரோவால எனக்குக் கெடைச்சது.

வேலைன்னா என்னன்னு யாராவது கேட்டா கம்ப்யூட்டர் கோடு எழுதறதுன்னு சொல்லிடறோம், உண்மையில அதிகமா பண்றது அடுத்தவங்க எழுதுன கோடைப் படிக்கறதுதான், அதுவும் எழுதுனவர் வேலையை விட்டுப் போயிருப்பாரு. ஆன்கால் வாரம், அதாவது எந்நேரம் கோளாறு வந்தாலும் எந்திரிச்சு பாக்க வேண்டிய முறை, வந்துச்சுன்னா போன் தலமாட்டுலதான், சைலண்ட்ல போட்டிருந்தாலும் அந்த ஆப் மட்டும் அடிக்கும். ஒருதடவை நடுராத்திரி அலர்ட், சைட்டே தொங்கிடுச்சு. பாத்தா டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் ஃபுல். அதாவது அப்ளிகேஷன் டேட்டாபேஸோட பேசறதுக்குன்னு இத்தனை கனெக்ஷன்னு ஒரு அளவு வச்சிருக்கும், ஒரே ஸ்லோ கொய்ரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி, திரும்பத் திரும்ப வந்து அதையெல்லாம் புடிச்சு வச்சுகிட்டா மத்த ரிக்வெஸ்ட் எல்லாம் க்யூல நிக்கும், வெளியிலேந்து பாக்கறவங்களுக்கு மொத்த சைட்டும் செத்துட்ட மாதிரி தெரியும். ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் சரியாகும், திரும்ப வரும். அந்த நேரத்துல போன் கால்ல இருந்தவங்கள்ல பாதி பேரு ரீஸ்டார்ட் பண்ணிட்டு தூங்கப் போலாம்னாங்க. நான் ஒக்காந்து எந்த கொய்ரி ரொம்ப நேரமா ஓடுதுன்னு தேடி, டேட்டாபேஸ் அதை எப்டி ஓட்டுதுங்கற ப்ளானைப் பாத்து, டேபிள் சின்னதா இருந்த காலத்துல எழுதுனது, இப்ப லட்சக்கணக்கான ரோ ஆயிடுச்சு, புஸ்தகத்துக்குப் பின்னாடி இருக்கற மாதிரி ஒரு இண்டெக்ஸ் இல்லாம மொத்த டேபிளையும் படிக்குதுன்னு கண்டுபுடிச்சேன். எங்க டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அதுல டேபிளை லாக் பண்ணாம இண்டெக்ஸ் போடற வழி இருக்கு, ஆனா அது மெதுவாத்தான் முடியும், அது வரைக்கும் முழிச்சிருக்கணும். தெருவுல பால் வண்டி வந்துடுச்சு. மாத்துனது ஒரே ஒரு வரி. வேலையைக் கணக்கு வைக்கற ஜிராவுல அந்த டிக்கெட்டுக்குப் போட்டது ஒரே ஒரு பாயிண்ட், அதாவது ரொம்ப சின்ன வேலைன்னு கணக்கு. காலைல ஸ்டாண்டப்புல, அதான் தெனம் டீம் கூடற சின்ன மீட்டிங்ல, "நேத்து ஏதோ சின்ன இஷ்யூ, ஃபிக்ஸ் ஆயிடுச்சு"ன்னு ஒருத்தரு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டாரு. தாத்தா நெய்த துணியையாவது மொழம் போட்டு அளந்திருப்பாங்க.

அமெரிக்கா டீமோட டெய்லி கால் இன்னொரு தொல்லை. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை அங்க கடிகாரத்தை முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் மொத ஞாயித்துக்கெழமை பின்னாடி தள்ளுவாங்க, அவங்களுக்கு எப்பவும் காலைல பத்து மணிதான், நமக்குத்தான் ராத்திரி ஏழரைங்கறது எட்டரை ஆகும். சரியா நவம்பர்ல. பருவமழையும் அப்பதான், கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கும், எங்க தெருவுல கரண்டு போவும், இன்வெர்ட்டர்ல வைஃபையை மட்டும் ஓட்டிகிட்டு இருட்டுல ஒக்காந்து ஸ்ப்ரிண்ட், அதாவது அடுத்த சில வார வேலைத் திட்டம், பத்திப் பேசுவேன், பக்கத்து ரூம்ல வீட்டுக்காரரு மெழுகுவத்தி வெளிச்சத்துல பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பாரு. வீடியோ ஆன் பண்ண முடியலைன்னா "ஆர் யூ ஓகே"ன்னு நல்லவிதமாத்தான் கேக்கறாங்க, நாளைக்கு வச்சுக்கலாம்னு மட்டும் யாருக்கும் தோணாது.

கால்ல பேசறதை விட கோடு ரிவ்யூல, அதாவது ஒருத்தர் எழுதுன கோடை இன்னொருத்தர் சரிபாக்கறப்ப, எழுதறதுதான் எனக்குப் புடிக்கும். கால்ல நான் ஆரம்பிச்சா நடுவுல யாராவது பூந்துடுவாங்க, வேணும்னு பண்றாங்கன்னு சொல்ல மாட்டேன், பழக்கம். ரிவ்யூல நான் எழுதுன கமெண்ட் எழுதுன எடத்துலயே நிக்கும், அதுக்கு பதில் சொல்லாம அந்தக் கோடை மெயின் கோடோட சேக்க, அதான் மெர்ஜ் பண்ண, முடியாது. அதனால எனக்கு கமெண்ட் நீளமா எழுதறவன்னு பேரு, இருந்துட்டுப் போகட்டும்.

லேட்டானா கம்பெனி கேப் வரும், கடைசியா இறங்கறது பொண்ணுன்னா கூட ஒரு செக்யூரிட்டி அண்ணன் வருவாரு. பெரும்பாலும் கடைசி நான்தான், அவ்ளோ தூரம் வேற யாரு வராங்க. புதுசா சேந்த பசங்க "அக்கா, அந்த ஏரியாவுல நைட்ல போறீங்களே, பயமா இல்லையா"ன்னு கேப்பாங்க, ஏதோ சினிமால பாத்த வடசென்னையை மனசுல வச்சுகிட்டு. எங்க தெருவுல பதினோரு மணிக்கு கேரம் போர்டு ஓடிகிட்டிருக்கும், டீக்கடை தொறந்திருக்கும், என்னை சின்ன வயசுலேந்து பாத்தவங்க நாலு பேரு திண்ணைல இருப்பாங்க. எனக்கு பயமா இருக்கறது ஆபீஸ் வாசல்ல, கேப் வர்ற வரைக்கும் ஆளே இல்லாத சர்வீஸ் ரோட்டுல நிக்கறப்பதான்.

போன மாசம் திரும்ப ஆன்கால். ராத்திரி பூரா முழிச்சிட்டு காலைல ஒம்பதரைக்கு ஸ்டாண்டப். அப்பா வந்து பாத்துட்டு, "நைட் ஷிஃப்ட் பாத்தவனை அடுத்த ஷிஃப்ட்டு ஏத்த மாட்டாங்கம்மா, அது ஆக்சிடெண்ட்ல போய் முடியும், எங்க சூப்பர்வைசருக்கே தெரியும்"னாரு. அதை அப்டியே டீம் லீடுகிட்ட சொன்னேன், அப்பான்னு சொல்லல. ராத்திரி அலர்ட் பாத்தவங்க அடுத்த நாள் அரை நாள் வர வேணாம், யாருக்கு எந்த வாரம் ஆன்கால்ங்கற ரோட்டா ஒரு மாசம் முன்னாடியே தெரியணும், ரெண்டு பேரா போடணும்னு கேட்டேன். டீம்ல இருந்த மத்தவங்களும் ஆமான்னாங்க, நான் ஆரம்பிக்கற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. லீடு நல்ல மனுஷன்தான், "கண்டிப்பா பண்ணிடலாம், நோ இஷ்யூஸ்"ன்னாரு.

வீட்ல சொன்னா அப்பா கேட்ட மொத கேள்வி, "எழுத்துல வாங்கினியா?" வாங்கல. அடுத்த நாளே லீடுக்கு மெயில் போட்டேன், பேசுனதையெல்லாம் வரிசையா எழுதி, கன்ஃபர்ம் பண்ணுங்கன்னு. தம்ஸ் அப் வந்திருக்கு. அதெல்லாம் செல்லாதாம், ரெண்டு வரி எழுதச் சொல்லுன்னு அப்பா தெனம் ராத்திரி சாப்பிடறப்ப கேட்டுகிட்டிருக்காரு, நானும் லீடுக்கு ரிமைண்டர் போட்டுகிட்டிருக்கேன், இந்த தடவை எச்ஆரையும் சிசி வச்சு.