40 பரப்புக்குக் குறைந்தால் திறந்தவெளி வேண்டாமா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் தோட்டக்காணியை இரண்டிரண்டு பரப்பாகப் பிரித்து விற்கிறார்கள். விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். காணி அவருடையது, பிள்ளைகளின் தேவை அவருக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம் வந்தது பிளானைப் பார்த்துத்தான். வீட்டுத் துண்டுகள் இருக்கின்றன, பாதை இருக்கிறது. பிள்ளைகள் பந்தடிக்கவோ மாரி வெள்ளம் தங்கவோ ஒரு குழி நிலம்கூட விடப்படவில்லை.

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், தெருக்கள் போக நூற்றுக்கு 10 பங்கைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு விதிகளிலேயே சொல்லப்பட்டது. ஒரு ஹெக்டேர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 40 பரப்பு. யாழ்ப்பாணத்தில் அவ்வளவு நிலம் ஒரே காணி உறுதியில் எத்தனை பேரிடம் இருக்கிறது? சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து குறுகிய மண் இது. விதி நல்ல விதி; நம் வேலிகளுக்குள் அது நுழைவதே அரிது.

தண்ணீருக்கும் அந்தத் திறந்தவெளி வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக நிற்கிறது. கோடையில் நாம் கிணற்றில் அள்ளுவது அதைத்தான்.

அந்தக் காணியின் தென்மேற்கு மூலை பள்ளம். ஒழுங்கை வெள்ளம் வேலியின் அடியால் புகுந்து அங்கே போய் நிற்கும். கோரை முளைக்கும், தவளை கத்தும், பிறகு மெல்ல வற்றும். இப்போது அதன் ஒரு பக்கத்தில் கிரவல் கொட்டி முழங்கால் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். வயலென்றால் மூடுவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உறுதியில் தோட்டக்காணி என்று இருப்பதால் இந்தப் பள்ளத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

குளக்கரையில் மாடு உடம்பு உரசவென்று ஆவுரஞ்சிக்கல் நட்டு இடம் விட்ட ஊர்கள் நம்முடையவை. நான் கேட்பது பெரிதல்ல. 40 பரப்பு என்ற எல்லையை இங்கே 10 பரப்பாகக் குறையுங்கள். அதிகம் போனால் ஒரு பரப்புத்தான் மிஞ்சும், மிஞ்சட்டும். அது விற்காத கோணல் துண்டாக இல்லாமல், வெள்ளம் தானாகப் போய் நிற்கும் இடமாக இருக்க வேண்டும். பக்கத்துக் காணி பிரியும்போது அதன் பங்கும் இதையொட்டியே வர வேண்டும்.

இதை மனுவாக எழுதி, ஒழுங்கைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மூலைத் துண்டுக்கு இன்னும் எவரும் அச்சாரம் கொடுக்கவில்லை.