கப்போர்டுக்குள் ஒரு கோப்பை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நேற்று மகளுக்கு டிக்டேஷன். 'கபர்ட்' (cupboard) என்று சொன்னேன். காதில் விழுந்தபடியே எழுதி, 'கப்'பின் கடைசி எழுத்தை விட்டுவிட்டாள். "சொல்லாத எழுத்தை எதுக்கும்மா எழுதணும்?" நியாயமான கேள்வி.

அந்த எழுத்தில்தான் கதையே இருக்கிறது. போர்டு என்றால் பலகை. பழைய ஆங்கிலத்தில் மேசையும் போர்டுதான். நம்மூர் லாட்ஜ் வாசல்களில் 'போர்டிங் லாட்ஜிங்' என்று எழுதியிருக்குமே, அந்த போர்டிங்கும் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்ததே. 14-ஆம் நூற்றாண்டில் கப்போர்டு என்பது கோப்பை, தட்டுகளை எடுத்துவைக்கும் திறந்த மேசை. கதவு அப்புறம்தான் வந்தது. பேச்சில் 'ப்' தேய்ந்துவிட்டாலும் எழுத்தில் கோப்பை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் அதற்கு மூன்று பெயர். அத்தைக்கு பீரோ, பிரெஞ்சிலிருந்து வந்தது. எனக்கு அலமாரி, போர்த்துகீசியச் சொல். வேலைக்கு வரும் மராத்தி அக்காவுக்கு 'கபாட்'. சமஸ்கிருதத்தில் அது கதவு. நாம் கபாடம் என்கிறோமே, அதேதான். ஆங்கிலேயர் பலகையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், மராத்தியர் கதவைப் பார்த்து. எனக்கு இது அவ்வளவு பிடித்திருக்கிறது.

மகள் திருத்தி எழுதிவிட்டாள். விடுபட்ட எழுத்துக்கு மேலே பென்சிலால் சின்னதாக ஒரு டபரா செட்டும் வரைந்திருக்கிறாள்.